கரண்ட் போன உலகமும் கரண்ட் வராத லயமும்

ஒரு ராத்திரி உலகம் முழுக்க ஒரே நொடியில் கரண்ட் போய்விடுகிறது. பல்பு, டிவி மட்டுமில்லை. ஓடுற கார் நடுரோட்டில் நிற்கிறது. போன் செத்துப்போகிறது. பறந்துகொண்டிருந்த விமானங்கள் விழுகின்றன. பெற்றரி, ஜெனரேட்டர், டோர்ச் எதுவும் வேலை செய்யவில்லை. போன கரண்ட் திரும்பி வரவும் இல்லை. 15 வருடம் கழித்துப் பார்த்தால் அரசாங்கம் என்று ஒன்று கிடையாது. துப்பாக்கி வைத்திருக்கிறவன்தான் அரசாங்கம்.

இதுதான் ‘ரெவலூஷன்’. 2012 செப்டெம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் தொடங்கி 2014 மே வரை இரண்டு சீசன் ஓடிய தொடர். ‘சூப்பர்நேச்சுரல்’, ‘த போய்ஸ்’ தொடர்களை உருவாக்கிய எரிக் கிரிப்கியோடதுதான் இதுவும். முதல் சீசனைத் தாராளமாகப் பார்க்கலாம். இரண்டாவது சீசனைப் பொறுமை இருந்தால் பார்க்கலாம்.

ஆனா நான் எழுத வந்தது ரிவியூ இல்லை. மின்சாரம் இல்லாத சமூகம் எப்படி இருக்கும் என்று டிவி ஒரு கற்பனை செய்கிறது. மின்சாரம் இல்லாமல் நிஜமாகவே இருந்த சமூகங்கள் உலகத்தில் நிறைய. அதில் ஒன்று நாம். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

2021 லொக்டவுன் நேரம், பென்டிரைவில் கைமாறி வந்த இந்தத் தொடரை அப்பாயியோடு உட்கார்ந்து பார்த்தேன். அப்பாயிக்கு 75 தாண்டிவிட்டது. 36 வருடம் கொழுந்து எடுத்தவர். இங்கிலீஷ் வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். முதல் எபிசோடில் ஒரு காட்சி: கரண்ட் நிரந்தரமாகப் போகப்போகிறது என்று தெரிந்த அம்மா, சின்ன மகளுக்கு ஐஸ்கிரீமை எடுத்துக் கொடுத்து சாப்பிடச் சொல்கிறாள். இனி அந்தப் பிள்ளை ஐஸ்கிரீமைப் பார்க்கவே போவதில்லை. உருக்கமான காட்சி. அப்பாயி உருகவில்லை. “அதுக்கா இவ்வளவு அழுகை?” என்று கேட்டார்.

பிறகு கேள்விகள் வந்தன. “ஏ புள்ள, இவளுகளுக்கு யாரு தண்ணி தூக்குறா?” நான் பதில் சொல்வதற்குள் அடுத்தது. “பதினஞ்சு வருசமா கரண்ட் இல்லைங்குற. ஒருத்தி தலையிலயும் வெறகுக் கட்டைக் காணோமே?”

நான் சிரித்துவிட்டேன். ஆனா அதுக்கப்புறம் எந்தக் காட்சி வந்தாலும் என் கண் அதைத்தான் தேடியது. வில் அம்பு, வாள்சண்டை, குதிரைமேல் போகிற போராளிப்படை, நம்ப முடியாத அளவுக்குச் சுத்தமான தலைமுடி, எல்லாம் இருக்கிறது. காலையில் நான்கு மணிக்கு எழும்பி அடுப்பு ஊதுகிற ஒரு பொம்பளை இல்லை. பீலிக்குப் போய் வரிசையில் நிற்கிற பிள்ளை இல்லை. ஈர வெறகுப் புகையில் கண் எரிந்து நிற்கிற யாரும் இல்லை. கரண்ட் போனால் அந்தக் கரண்ட் செய்துகொண்டிருந்த வேலை எங்கேயும் போகாது. யாரோ ஒருத்தர் முதுகில் வந்து ஏறும். யார் முதுகு என்று பெரும்பாலான தொடர்கள் கேட்பதே இல்லை. அவர்களுக்கு மின்சாரம் இல்லாத உலகம் என்றால் சண்டை போட வசதியான ஒரு மைதானம்.

இன்னொன்றையும் அப்பாயி கவனித்தார். மன்ரோ குடியரசு என்று ஒரு நாடு. அதன் போராளிப்படை குதிரையில் வந்து கிராமத்து விளைச்சலில் பங்கு எடுத்துப்போகும். கிராமத்து ஆட்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. எதிர்த்துப் பேசினால் அடி, அதற்கு மேல் போனால் உயிர். அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு இது நாகரிகம் அழிந்த பிறகு வரப்போகிற பயங்கரம். அப்பாயிக்கு இது பழைய கதை. “எங்கம்மா சொல்லும், தொரை குதிரையிலதான் மலைக்கு வருவாராம். குதிரச் சத்தம் கேட்டா நிமிரக் கூடாதாம்” என்றார். தொடரில் எதிர்காலமாக வருவது எங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டியின் காலம்.

அந்தக் காலத்து இருட்டு எப்படி இருந்தது என்று அப்பாயியிடம் அதுக்குப் பிறகுதான் நிதானமாகக் கேட்டேன்.

ஆறு மணிக்கு மேல் ஒரு காம்பராவுக்கு ஒரு குப்பி லாம்பு. அதுவும் அடுப்படிக்குப் போனால் படிக்கிற பிள்ளைக்கு இல்லை, படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்தால் அடுப்படிக்கு இல்லை. மண்ணெண்ணெயை அளந்து ஊற்றுவார்கள். காலையில் எழும்பினால் பிள்ளைகள் மூக்குக்குள் கரி. கவ்வாத்து வெட்டுற காலத்தில் மிலாறு பொறுக்கி அடுக்கி வைத்தால்தான் மழைக்கு அடுப்பு எரியும். ராத்திரி வயிற்று வலி வந்தாலும் பொம்பளைகள் விடியும்வரை பொறுத்திருப்பார்கள். வெளியில் பாம்பும் இருக்கும், சிறுத்தையும் இருக்கும், அதைவிட மோசமான மனிதர்களும் இருப்பார்கள். பிரசவ வலி ராத்திரியில் வந்தால் பந்தம் கொளுத்திக்கொண்டு ஆள் தூக்கிப் போகணும். அதனால் இருட்டில் இருந்த காலம்தான் நல்ல காலம், சொந்தபந்தம் எல்லாம் அப்பதான் ஒட்டாக இருந்துச்சு என்று யாராவது பதிவு போட்டால் எனக்குக் கோபம் வரும். அந்த நல்ல காலத்தின் வெறகை யார் சுமந்தார்கள் என்று முதலில் கேட்கணும்.

அதே நேரம், டிவி சொல்கிற மாதிரி யாரும் ஓநாயாகவும் மாறவில்லை. சாவு விழுந்தால் பக்கத்துக் காம்பராக்களிலிருந்து லாம்புகள் வரும். கல்யாணத்துக்குப் பெற்றோமெக்ஸ் இரவல் வரும். மாசியில் காமன் கூத்து போடுவார்கள், பந்த வெளிச்சத்தில் விடியவிடிய நடக்கும். 2021 டிசம்பரில் வந்த ‘ஸ்டேஷன் இலெவன்’ என்ற தொடரில் மட்டும் இதற்குக் கிட்டத்தில் ஒன்று பார்த்தேன். கொள்ளை நோயில் உலகம் காலியாகி 20 வருடம் கழித்து ஒரு நாடகக் குழு ஊர் ஊராகப் போய் ஷேக்ஸ்பியர் போடும். அமெரிக்காவில் அதை ஒரு புதுமையான, நம்பிக்கை தருகிற கற்பனையாகக் கொண்டாடினார்கள். எனக்கும் பிடித்த தொடர்தான். ஆனா பகலெல்லாம் மலையில் நின்றுவிட்டு ராத்திரி ரதி மதனுக்காகக் கண்விழித்த சனங்களின் பேத்திக்கு அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லணும். லயத்து இருட்டு இயற்கையாக வந்த இருட்டு இல்லை. அப்பாயி சின்னப் பிள்ளையாக இருந்தபோதே ஸ்டோரில் வெளிச்சம் இருந்தது, பங்களாவில் வெளிச்சம் இருந்தது. பல தோட்டங்கள் ஓடைத் தண்ணீரில் சின்ன டர்பைன் ஓட்டி ஸ்டோருக்குச் சொந்தமாகவே கரண்ட் எடுத்தன. தேயிலை அரைக்கிற மெஷினுக்குப் போன வயர், அந்தத் தேயிலையைக் கிள்ளினவளுடைய காம்பராவுக்கு வரவில்லை. கம்பி இழுக்க முடியாத தூரமும் இல்லை. கூப்பிடு தூரம்தான்.

தோட்டத்தை விட்டு வெளியே வந்து பார்த்தால் கதை இன்னும் பெரிசு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912-ல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளக்பூலில் ஒரு சின்ன நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியா டவுனுக்கு வெளிச்சம் கொடுத்தார். மலைநாட்டு ஆறுகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். லக்ஷபான வேலை 1924-ல் தொடங்கி, நின்று, இழுபட்டு, கடைசியில் 1950-ல்தான் பழைய லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது. கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா இரண்டிலும் சேர்த்து வரிசையாக மின்நிலையங்கள் இருக்கின்றன: விமலசுரேந்திர, பழைய லக்ஷபான, கெனியன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய. காசல்ரீயில் தேங்குகிற தண்ணீர் நோர்ட்டன் பிரிட்ஜ் விமலசுரேந்திர நிலையத்தில் ஒரு தடவை, பழைய லக்ஷபானவில் இன்னொரு தடவை, பொல்பிட்டியவில் மூன்றாவது தடவை வேலை செய்துவிட்டுத்தான் களனி கங்கையாகக் கீழே போகிறது. எங்க ஊர் தண்ணீருக்கும் மூன்று ஷிப்ட்.

எங்கள் லயத்து இஸ்தோப்பில் நின்றால் காசல்ரீ தெரியும். மழைக்காலத்தில் நிறைந்து பளபளவென்று கிடக்கும். அப்பால் மவுசாக்கலை. அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் பழைய மஸ்கெலியா டவுன் இருக்கிறது. வறட்சியில் தண்ணீர் வற்றினால் மூழ்கிப்போன கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் தலைகாட்டும், ஆட்கள் போட்டோ எடுக்கப் போவார்கள். ஒரு டவுனையே மூழ்கடித்து எடுத்த மின்சாரம் கம்பியில் ஏறி எங்கள் தலைக்கு மேலால் போனது. எங்கள் லயத்துக்கு அது இறங்கி வந்தது 1990களின் கடைசியில். நுவரெலியா டவுனில் முதல் பல்பு எரிந்து 80 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாட்டில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் கரண்ட் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அரசாங்கம் சொன்னது அதுக்கும் பல வருடம் கழித்து, 2010களில்.

இதை வைத்துக்கொண்டு திரும்ப டிவிக்கு வாங்க. 2023-ல் வந்த ‘த லாஸ்ட் ஒஃப் அஸ்’ பார்த்திருப்பீங்க. உலகம் அழிந்த பிறகும் ஜக்சன் என்ற ஊரில் மட்டும் வெளிச்சம் இருக்கும், கிறிஸ்மஸ் விளக்கு எரியும், பிள்ளைகளுக்குப் படம் போடுவார்கள். காரணம், பக்கத்தில் ஒரு அணைக்கட்டு. இந்தக் கதைகளில் இது ஒரு விதி மாதிரி. அணை யாருக்குப் பக்கத்தில் இருக்கோ அவங்களுக்குக் கரண்ட். எங்களுக்கு அந்த விதி பொருந்தவே இல்லை. அணை பக்கத்தில் இருந்தது, கரண்ட் கொழும்பில் இருந்தது.

எங்கள் நிலைமைக்குக் கிட்ட வருகிற கதை ஒரு சினிமாவில்தான் இருக்கிறது. 2014-ல் வந்த ‘டோன் ஒஃப் த பிளானட் ஒஃப் த ஏப்ஸ்’. நகரத்து மனிதர்களுக்குக் கரண்ட் முடியப்போகிறது. காட்டுக்குள் ஒரு பழைய அணை இருக்கிறது. அதை ஓட்டணும் என்றால் அந்தக் காட்டில் வாழ்கிற குரங்குகளிடம் அனுமதி வாங்கணும். குரங்குகளுக்குக் கரண்ட் தேவையில்லை, நெருப்பு போதும். அணைக்குப் பக்கத்தில் இருக்கிறவங்களுக்கு வெளிச்சம் தேவைப்படாது என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிடுகிறார்கள்! நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் கம்பி இழுத்தவர்களும் இதையேதான் நினைத்திருப்பார்கள். குறைந்தபட்சம் படத்தில் அனுமதியாவது கேட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கரண்ட் வருவதற்கு முதலே எங்கள் லயத்துக்கு டிவி வந்துவிட்டது. ரூபவாஹினி 1982-ல் தொடங்கியது. அதுக்குச் சில வருடம் கழித்து லயத்தில் ஒருத்தர் கறுப்பு வெள்ளை டிவி வாங்கினார். ஓட்டுவதற்குக் கார் பெற்றரி. சார்ஜ் இறங்கினால் சாக்கில் கட்டித் தோளில் வைத்து நோர்வூட்டுக்குக் கொண்டுபோய், கடையில் சார்ஜ் ஏற்றி, ஏற்றத்தில் திரும்பச் சுமந்து வரணும். அப்பா அப்போது பொடியன். பெற்றரி தூக்குற பொடியன்களுக்கு முன்வரிசை இடம். படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது சார்ஜ் குறைந்தால் திரையில் படம் நாலு பக்கமும் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு கட்டமாக நிற்கும். கடைசிச் சண்டையில் எம்.ஜி.ஆர். தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடுவார். யாரும் எழும்பிப் போகமாட்டார்கள், அந்தத் தீப்பெட்டியை முப்பது பேர் பார்ப்பார்கள். இருட்டில் இருந்த சனங்கள் டிவி பார்த்த கதையை எந்த டிவித் தொடரும் எடுத்ததில்லை. அவர்களுக்கு மின்சாரம் என்பது எல்லோரிடமும் எப்போதும் இருந்து, ஒரு நாள் தொலைந்துபோன சாமான். எங்களுக்கு அது யாரோ ஒருத்தரிடம் இருந்து, இரவலாக வந்து, பாதிப் படத்தில் தீர்ந்துபோகிற சாமான்.

2022 வந்தது. டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, காஸ் இல்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. பேஸ்புக்கைத் திறந்தால் கற்காலத்துக்குத் திரும்பிவிட்டோம், சோம்பிப் படம் மாதிரி இருக்கு என்று பதிவுகள். அவர்கள் கஷ்டம் பொய் இல்லை. மாடிவீட்டில் தண்ணீர் மோட்டர் ஓடாமல், காஸ் சிலிண்டருக்கு ரெண்டு நாள் வரிசையில் நின்றவர்கள் அவர்கள். ஆனா கற்காலம் என்று அவர்கள் சொன்ன இடத்தில் என் அப்பா பிறந்து வளர்ந்தார்.

லயத்தில் அந்த மாதங்கள் வேறு மாதிரி. அடுப்பு இருந்தது, வெறகு இருந்தது, அதனால் முதல் வாரம் ஒரு கெத்துகூட இருந்தது. பிறகுதான் உறைத்தது. ஸ்டோர் ஓடக் கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. கிள்ளின கொழுந்தை வாட்டி அரைக்காவிட்டால் அது குப்பை. ஸ்டோர் நின்றால் மலையும் நிற்கும், பேரும் விழாது. எங்க வாழ்க்கை பழைய மாதிரி மண்ணெண்ணெயிலும் ஓடும் என்று நினைத்தால், அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. நாள் சம்பளம் 1000 ரூபாய். திரும்பிப் போக நாங்கள் நினைத்த இருட்டுக்கும் விலை ஏறிவிட்டது. எந்தத் தொடரிலும் இந்தக் கணக்கு வராது. கரண்ட் போனதும் எல்லோரும் நேரே பழைய காலத்துக்குப் போய் இறங்கிவிடுவார்கள், அந்தப் பழைய காலம் இலவசமாகக் கிடைக்கிற மாதிரி.

மின்வெட்டு ஓய்ந்த பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். 2022 ஓகஸ்டில் மின்கட்டணத்தைச் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள். 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். வீதக்கணக்கில் பார்த்தால் மாதம் 30 யூனிட்டுக்குக் குறைவாகப் பாவிக்கிறவங்களுக்குத்தான் முதல் தடவை அதிகம் ஏறியது. ஒரு பல்பு, ஒரு டிவி, ஒரு போன் சார்ஜர் வைத்திருக்கிற வீடுகள் அவை. நாடு முழுக்க லட்சக்கணக்கான வீடுகளுக்கு இணைப்பு வெட்டுப்பட்டது. வானத்தில் மின்னல் அடித்து, நகரம் முழுக்க ஒரே நொடியில் இருளவில்லை. சிவப்புப் பில் வந்தது. ஒவ்வொரு வீடாக இருண்டது. நாட்டின் கரண்ட் திரும்பி வந்த அதே வருடத்தில் ஏழைகளுக்குக் கரண்ட் போனது.

எங்கள் பக்கத்துக் காம்பராவில் மதினி இருக்கிறார். அம்மா அப்படிக் கூப்பிடுவதால் எனக்கு அத்தை. கணவன் இல்லை, மூத்தவன் கொழும்பில் கடையில் நின்று, கடை மூடி, சம்பளம் இல்லாமல் வந்திருந்தான். சின்னவள் ஓ.எல். எழுதப்போகிறாள். 2023-ல் அவர்கள் இணைப்பை வெட்டினார்கள். அன்று பொழுதுபட அம்மா ஒன்றும் பேசாமல் சுவருக்கும் தகரத்துக்கும் இடையிலிருக்கிற சந்தால் ஒரு வயரைப் போட்டார். அந்தப் பக்கம் ஒரு பல்பு எரிந்தது.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனா வயர் போட்ட அடுத்த மாதம் எங்கள் பில் ஏறியது. எவ்வளவு அவர்களால் ஏறியது, எவ்வளவு கட்டணத்தால் ஏறியது என்று யாருக்கும் தெரியாது. அப்பா ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பல்பு எரிவதைச் சந்தால் பார்ப்பார். போனும் சார்ஜ் போடுறானா என்று கேட்பார். அத்தை காதில் அது விழுந்தது. லயத்துச் சுவரில் எது விழாது? அவர் ஒரு நாள் பல்பைக் கழற்றிக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். பத்து நாள் பேச்சில்லை. அந்தப் பிள்ளை வெளியில் வந்தாலும் எங்கள் பக்கம் பார்க்காமல் போகும். பிறகு லயத்தில் இன்னும் ரெண்டு வீடு வெட்டுப்பட்டது. யார் யாருக்கு வயர் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை, யார் மீட்டருக்கு முன்னாலேயே கொக்கி போட்டிருக்கிறார்கள் என்று பீலியடியில் தினமும் பேச்சு. வருடக்கணக்காக ஒன்றாகக் கொழுந்து எடுத்தவர்கள் ஒருத்தர் கூரையை ஒருத்தர் நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் ‘த ட்விலைட் சோன்’ ஞாபகம் வந்தது. ரொட் சேர்லிங் எழுதிய ஒரு எபிசோட், 1960 மார்ச் 4-ல் ஒளிபரப்பானது. பெயர் ‘த மொன்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஒன் மேப்பிள் ஸ்ட்ரீட்’. யூடியூபில் துண்டுதுண்டாகக் கிடைக்கும், கறுப்பு வெள்ளை. ஒரு தெருவில் கரண்ட், போன், கார் எல்லாம் நின்றுவிடுகின்றன. அதுவரை பிரச்சினை இல்லை. ஆட்கள் கூடி நின்று பேசுகிறார்கள். பிறகு ஒரே ஒருத்தருடைய கார் மட்டும் தானாக ஸ்டார்ட் ஆகிறது. அங்கே தொடங்குகிறது சந்தேகம். அவன் யார்? ராத்திரியில் ஏன் வெளியில் நிற்கிறான்? பிறகு ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது, அணைகிறது, இன்னொரு வீட்டில் எரிகிறது. கடைசியில் கொலைவரைக்கும் போகிறது. இதையெல்லாம் பக்கத்து மேட்டிலிருந்து வேற்றுக்கிரகவாசிகள் ரெண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சில வீடுகளுக்குக் கொடுத்து, சில வீடுகளுக்கு நிறுத்தினால் போதும், மிச்சத்தை மனிதர்களே செய்துகொள்வார்கள் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு.

‘ரெவலூஷன்’ காலத்துக்கு அரை நூற்றாண்டுக்கு முதல் வந்த இந்த அரை மணி நேரக் கதைதான் நான் பார்த்ததிலேயே உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. மனிதர்களைக் கெடுப்பது இருட்டு இல்லை. ஒரு வீட்டில் மட்டும் எரிகிற வெளிச்சம். மேட்டிலிருந்து பார்க்கிறவர்கள் என்றதும் எங்க ஊர் ஆட்களுக்கு யார் ஞாபகம் வருவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பங்களா எப்போதும் மேட்டில்தான் இருக்கும்.

எல்லோருக்கும் ஒன்றாகப் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு உதாரணம் கிடைத்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மாட்டி, நாடு முழுக்கக் கரண்ட் போனது. ‘ரெவலூஷன்’ தொடரில் கரண்டை உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத நானோ இயந்திரங்கள். நமக்கு ஒரு குரங்கு போதுமாக இருந்தது. அன்றைக்கு எங்கள் லயத்தில் யாரும் யார் கூரையையும் பார்க்கவில்லை. அத்தை எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு குரங்கைப் பற்றிச் சிரித்தார். எல்லோருக்கும் இல்லை என்றால் அதில் அவமானம் இல்லை.

அப்படி என்றால் பொதுவான இழப்பு மனிதர்களை நல்லவர்களாக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கம்பஸில் என்னோடு படித்த யாழ்ப்பாணத்துத் தோழியின் அம்மா 1990களில் அங்கே ஏ.எல். படித்தவர். 1990-ல் போர் மறுபடி தொடங்கியபின் குடாநாட்டுக்குக் கரண்ட் போய்விட்டது. பெற்றரி, பெற்றோல் எல்லாம் தடை. வருடக்கணக்காக அப்படித்தான். ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், மெல்லிய திரி, அந்த வெளிச்சத்தில் படிப்பு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். எங்கே குண்டு விழுந்தது என்று தெரிய வேண்டுமே. உலகத் தொலைக்காட்சிகள் கற்பனை செய்கிற இழப்பு எங்கேயோ வருங்காலத்தில் இல்லை, ஹட்டனிலிருந்து ஒரு நாள் பஸ் தூரத்தில் நடந்து முடிந்தது. அங்கேயும் பள்ளிக்கூடம் நடந்தது, பரீட்சை நடந்தது, கோயில் திருவிழா நடந்தது. ஆனா அந்த அம்மா அதைப் பெருமையாகப் பேசமாட்டாராம். “பிள்ளைக்கு வெளிச்சம் வேணும், அவ்வளவுதான். சாதனையெல்லாம் வேணாம்” என்பாராம்.

எனக்கும் அதேதான் சொல்ல இருக்கு. நம்மைப் பற்றி யாராவது ஒரு தொடர் எடுத்தால், நம்முடைய தாங்கும் சக்தியைப் புகழ்கிற தொடராக அது இருக்க வேண்டாம். இருட்டில் வாழத் தெரிந்த சனம் என்று பேர் வாங்கி, அதைச் சாட்டாக வைத்து இன்னொரு 80 வருடம் காத்திருக்க எங்களால் முடியாது. அந்தத் தொடரில் வெறகு தெரியணும். மண்ணெண்ணெய் விலை தெரியணும். தண்ணீர் காசல்ரீயிலிருந்து புறப்பட்டு மூன்று நிலையம் தாண்டுவது தெரியணும், அந்தக் கம்பிக்குக் கீழே சிவப்புப் பில்லோடு நிற்கிற அத்தையும் தெரியணும்.

வயரைப் பற்றிக் கேட்டால், அது இப்போது இல்லை. பத்து நாள் கழித்து அம்மா பல்பைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டினார். அப்பா வாய் திறக்கவில்லை. பிள்ளை அந்தப் பல்பில் படித்து ஓ.எல். எழுதினாள், பாஸ். ஆனா அந்த வயர் சந்தில் உரசி உரசி ரப்பர் தேய்ந்து, ஒரு மழை நாளில் பொறி பறந்தது. மின்னொழுக்கில் முழு லயமும் எரிந்த செய்தி எங்கள் பக்கத்தில் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அன்றே கழற்றிவிட்டோம். அண்ணனுக்கு வேலை கிடைத்து, நிலுவையைத் தவணையில் கட்டி, போன வருடம்தான் இணைப்பைத் திரும்ப எடுத்தார்கள். அதற்கும் வீடு அவர்கள் பேரில் இல்லை என்பதால் தோட்டத்துக் கடிதம் ஒன்று தேவைப்பட்டது. அந்தக் கடிதத்துக்காக அத்தை ஆறு தடவை ஒபிஸ் வாசலில் நின்றார், ஒவ்வொரு தடவையும் அரைநாள் பேர் போனது. சின்னவள் இப்போது ஹட்டனில் ஏ.எல். படிக்கிறாள். பௌதிகவியலில் மின்னோட்டம் பாடம் ஓடுதாம்.